மடிப்புக்குள் நிற்கும் ஈரம்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனி கட்டிங் பிரிவில் பத்து வருஷம் கை பழகிய ஒருவரிடம் பதனிட்ட தோலை விரித்துக் கொடுங்கள். அவர் முதலில் வயிற்றுப் பக்கத்தை இழுத்துப் பார்ப்பார். முதுகுத் தோலில் நார் நெருக்கம், அதனால் அது ஷூவின் முகப்புக்குப் போகும். வயிற்றுத் தோல் இழுத்தால் நீளும், விட்டால் முழுசாகத் திரும்பாது. அதை நாக்குப் பகுதிக்கோ கண்ணில் படாத உள் துண்டுக்கோ ஒதுக்கிவிடுவார். எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு தொங்கும் நம் தோலும் அந்த வயிற்றுத் தோல் மாதிரிதான்.

பதனிட்ட தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்தான். மனிதத் தோலிலும் அதே நார். அதோடு, இழுத்தால் திரும்பிச் சுருங்க வைக்கும் எலாஸ்டின் என்ற இன்னொரு நாரும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் உடல் பருத்தே இருந்தால் இந்த எலாஸ்டின் அறுந்து சிதைகிறது. பெரியவர்களின் உடல் அதைப் பழைய தரத்தில் மறுபடி நெய்வதில்லை. எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் அல்லது பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் 40, 50 கிலோ இறங்கும்போது உள்ளே இருந்த கொழுப்பு போய்விடுகிறது, உறை மட்டும் நிற்கிறது. வயது, பீடி சிகரெட், எத்தனை பிரசவம், எத்தனை வருஷம் அந்த எடையில் இருந்தோம், அப்பா அம்மாவிடமிருந்து வந்த தோல் வாகு ஆகியவைதான் எவ்வளவு தொங்கும் என்பதை முடிவு செய்கின்றன. இதில் உங்கள் தவறு என்று எதுவும் இல்லை. எடையை மெதுவாக இறக்கியிருந்தால் தொங்கியிருக்காது என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். 50 கிலோ எந்த வேகத்தில் இறங்கினாலும் சிதைந்த எலாஸ்டின் சிதைந்ததுதான்.

இறுக்கும் கிரீம், நல்லெண்ணெய் மசாஜ், பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நடப்பது ஆகிய மூன்றும் தொங்கும் தோலைக் குறைக்காது. ரேடியோ அலைச் சிகிச்சை கொஞ்சம் தளர்ந்த தோலுக்கு ஏதோ செய்யும். கையில் பிடித்தால் மடியாகத் தூக்க முடிகிற தோலுக்கு அந்தப் பணம் வீண். எடை தூக்கும் பயிற்சி வேறு கதை. அது தோலைச் சுருக்காது, ஆனால் கீழே தசை கூடுவதால் கையும் தொடையும் ஓரளவு நிரம்பும். எடை இறங்கும் காலத்தில் தசையும் கூடவே கரைவதால் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் இதைச் செய்தே ஆக வேண்டும்.

இனி அன்றாட விஷயத்துக்கு வருவோம். தொங்கும் தோலைப் பற்றிய பேச்செல்லாம் அழகைச் சுற்றியே ஓடுகிறது. ஆனால் வேலூர் வெயிலில் இது முதலில் ஈரத்தின் பிரச்சினை. அடிவயிற்று மடிப்பு, மார்புக்குக் கீழே, தொடை இடுக்கு, அக்குள், சிலருக்கு முதுகின் பக்கவாட்டு மடிப்பு, ஆழமாக உள்ளே போய்விட்ட தொப்புள். இங்கெல்லாம் தோலோடு தோல் ஒட்டிக் கிடக்கிறது. வேர்வை ஆவியாக வழியில்லை. ஈரத்தில் ஊறிய தோல் உரசலில் கிழிகிறது, கிழிந்த இடத்தில் காளான் கிருமி குடியேறுகிறது. நல்ல சிவப்புத் தடிப்பு, அதன் விளிம்புக்கு வெளியே தெறித்தது போல் சின்னச் சின்னப் பொரிகள் இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற காளான். விளிம்பு மட்டும் வளையமாகச் செதில் கட்டி நடுவே வெளுத்திருந்தால் அது படர்தாமரை. அரிப்பு அதிகமில்லாமல் பழுப்பு நிறத்தில் பட்டையாக இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்குக் காளான் மருந்து போடுவதை விட, சரியான மருந்து எதுவென்று தோல் மருத்துவரிடம் கேட்பதே நேர்வழி.

குளிக்கும்போது மடிப்பைத் தூக்கிப் பிடித்துக் கழுவ வேண்டும். மேலே ஊற்றுகிற தண்ணீர் தானாக உள்ளே போகாது. டெட்டால் கலந்த தண்ணீர் வேண்டாம், ஊறிய தோலை அது எரிக்கும். கடலை மாவு, நலங்கு மாவு, மஞ்சள் தூள் மூன்றையும் மடிப்புக்குள் தேய்க்காதீர்கள். ஓரத்தில் தங்கும் துகள் வேர்வையில் குழைந்து உப்புத்தாளைப் போல உரசும். பவுடருக்கும் அதே கதி: காலையில் கொட்டும் பவுடர் மத்தியானத்துக்குள் உருண்டை கட்டிவிடும். பாலாற்றுப் படுகையில் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால் சோப்பு நுரைக்காது, பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் சோப்பைக் குறைத்து, கடைசி இரண்டு சொம்பை மட்டுமாவது கேன் தண்ணீரில் ஊற்றலாம்.

துடைப்பதைத் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஒரு முழ தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிமிஷம் காட்டுங்கள். சூடான காற்று கூடாது. டிரையர் இல்லையென்றால் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து படுத்து மடிப்பை மேலே தள்ளிப் பிடித்து ஐந்து நிமிஷம். காய்ந்தது உறுதியான பிறகே தடுப்புக் களிம்பு: ஜிங்க் ஆக்சைடு அல்லது வாசலின், கண்ணாடி போல் மெல்லிசாக. ஈரத்தின் மேல் வாசலின் தடவினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும்.

அதன்மேல் துணி. துவைத்துத் துவைத்து மெல்லிசான பழைய வேட்டி அல்லது குடியாத்தம் கைலித் துணி இதற்கு அருமை. ஒரே மடிப்பாக வைத்து, இரண்டு ஓரமும் மடிப்புக்கு வெளியே மூன்று விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். துணி முழுவதையும் உள்ளே திணித்தால் அது ஈரத்தைக் குடித்துவிட்டு அங்கேயே ஒத்தடமாகக் கிடக்கும். ஓரம் வெளியே இருந்தால் விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதைப் போல வேர்வையை வெளியே இழுத்து ஆவியாக்கும். கோடையில் ஒரு நாளைக்கு நான்கு துண்டு வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஜிப் கவரில் இரண்டைப் போட்டு எடுத்துப் போகலாம். கழற்றிய துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். நம் ஊர் வெயிலால் நமக்குக் கிடைக்கும் ஒரே நன்மை அது.

இவ்வளவு செய்தும் சிவந்தால் க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம். சிவப்பு மறைந்த அன்றே நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் போடுங்கள். நான்கு நாளில் அரிப்பு நின்றதும் டியூபை மூடிவிடுவதால்தான் பாதிப் பேருக்கு அது திரும்பி வருகிறது.

மெடிக்கல் ஷாப்பில் “அரிப்புக்கு ஏதாவது குடுங்க” என்று கேட்டால் கிடைக்கும் கலவை டியூப் ஒன்று உண்டு. காளான் மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் அதில் சேர்ந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், அதனால் அதை நல்ல மருந்து என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் மட்டும் அமுக்குகிறது, கிருமி அமைதியாகப் பரவுகிறது. நிறுத்தியதும் இரண்டு மடங்காக வரும், வளையமெல்லாம் கலைந்து என்ன நோய் என்று டாக்டருக்கே அடையாளம் தெரியாத மாதிரி இருக்கும். மடிப்புக்குள் தோல் மூடிக் கிடப்பதால் மருந்து மற்ற இடத்தை விட அதிகமாக உள்ளே இறங்குகிறது. ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்து, சிவந்த வரிகள் விழும். டியூபின் பின்பக்கச் சிறு எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புண் அடிக்கடி திரும்பினால் சர்க்கரையையும் ஒருமுறை பாருங்கள். எடை இறங்கியதும் சர்க்கரை போய்விட்டது என்று சோதனையையே நிறுத்தியவர்கள் நிறைய. காய்ச்சல், சிவப்பு மடிப்பைத் தாண்டி வயிற்றில் பரவுவது, தொட்டால் சூடு, துர்நாற்றமுள்ள நீர் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உடை விஷயத்தில் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. உள்பாவாடை நாடாவை மடிப்பின் மேலேயே இறுக்கிக் கட்டினால் அது வருஷக்கணக்கில் ஒரே கோட்டில் அறுக்கிறது. அப்படி ஆறாமல் கிடந்த இடுப்புப் புண் அரிதாகப் புற்றுநோயாக மாறியதும் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்த பாவாடை, அல்லது நாடாவை அகலத் துணிப் பட்டைக்குள் கோத்து, கட்டும் இடத்தை நாளுக்கு நாள் மாற்றுவது நல்லது. தொடை உரசலுக்கு முட்டி வரை வரும் பருத்தி சைக்கிள் ஷார்ட்ஸ் போதும். ஆண்கள் கைலி முடிச்சை மடிப்புக்கு மேலே, தொப்புளை ஒட்டிக் கட்டினால் உள்ளே காற்றாவது போகும். பிரசவத்துக்குப் போடும் வயிற்று பெல்ட் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உதவும். படுத்தபடி, மடிப்பை மேலே தூக்கி, துணி வைத்து, அதன் பிறகே ஒட்ட வேண்டும். நின்றுகொண்டு போட்டால் மடிப்பைக் கீழே நசுக்கித்தான் கட்டுவீர்கள். இரவில் கழற்றிவிடுங்கள்.

தொங்கும் தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் எப்போது? எடை குறைப்பு ஆபரேஷன் முடிந்து குறைந்தது 12 முதல் 18 மாதம் ஆக வேண்டும். அதற்கு மேல் கடைசி மூன்று முதல் ஆறு மாதம் எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் மீதி எடை இறங்கியதும் மறுபடி தொங்கும். பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 30க்குக் கீழே வந்திருந்தால் காயம் ஆறுவதில் சிக்கல் குறைவு. இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் வயிற்று ஆபரேஷனை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிப்பதற்கு மூன்று மாதம் முன்பே ரத்தம் பாருங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), பி12, வைட்டமின் டி, ஆல்புமின். பைபாஸ் செய்த பெண்களுக்கு மாதவிடாயும் சேர்ந்து இரும்பு கீழே கிடக்கும். மாத்திரை சரியாக உறிஞ்சப்படாவிட்டால் ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கும், அது ஏறவும் வாரங்கள் ஆகும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீயோடும் வேண்டாம்.

தையல் பிரிவதற்குப் பின்னால் பல சமயம் புரதக் குறைவுதான் நிற்கிறது. நாளுக்கு 60 முதல் 80 கிராம் எல்லோருக்கும் சொல்லப்படும் அளவு. இந்த ஆபரேஷனை ஒட்டிய மாதங்களில் அதற்கு மேலும் கேட்பார்கள். ஒரு முட்டை 6 கிராம், 100 கிராம் வெந்த கோழி 25க்கு மேல், மீன் 20 பக்கம், 100 கிராம் பனீர் 18, 50 கிராம் காய்ந்த சோயா உருண்டை 25, ஒரு கப் தயிரிலும் ஒரு டம்ளர் பாலிலும் தலா 6 அல்லது 7, ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலை சுண்டல் 8. இரண்டு இட்லியில் வருவது 4 கிராம்தான். சின்னதாகிவிட்ட இரைப்பையில் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவுதான் போகும் என்பதால் தட்டில் கை வைக்கும் வரிசை முக்கியம்: ஆம்பூர் பிரியாணியே ஆனாலும் முதலில் கறி, பிறகு தயிர்ப் பச்சடி, சீரகச் சம்பா கடைசியில் இடமிருந்தால்.

புகையிலையை ஆபரேஷனுக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு நிறுத்தி, அதே அளவு காலம் பின்பும் தொடக்கூடாது. நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. இந்த ஆபரேஷனில் தோலைப் பெரிய பரப்புக்குக் கீழேயிருந்து பிரித்துத் தூக்குவதால், விளிம்புக்கு வரும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. அதையும் சுருக்கினால் விளிம்பு கறுத்துச் செத்துப்போகும். வாயில் அடக்கும் புகையிலைக்கும் இதே விதி.

பெயர்களில் குழப்பம் நிறைய. பேனிகுலெக்டமி என்றால் தொங்கும் மடியை வெட்டி எடுப்பது மட்டும், தசையைத் தொடுவதில்லை. அப்டாமினோபிளாஸ்டியில் விலகிய வயிற்றுத் தசையைச் சேர்த்துத் தைத்து, கீழே இழுத்த தோலில் புதுத் துளை போட்டுத் தொப்புளையும் அதன் வழியே எடுத்துத் தைப்பார்கள். குறுக்கிலும் தோல் அதிகமாக இருப்பவர்களுக்கு நெடுக்காகவும் ஒரு வெட்டு, தலைகீழ் டி வடிவத்தில். அந்த மூன்று தையல் சந்திக்கும் முனையில்தான் பிரிவது அதிகம். ஜாக்கெட்டில் மூன்று தையல் கூடும் அக்குள் முதலில் விடுவது தையல்காரர் எல்லோருக்கும் தெரியும். பின்பக்கமும் தொங்கினால் இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டும் முறை உண்டு. கைக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை நீளத் தழும்பு விழும், அரைக்கை ஜாக்கெட்டில் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்பட வேண்டாம். வயிறு முதலில், மூன்று முதல் ஆறு மாதம் விட்டு கை, மார்பு, கடைசியில் தொடை என்பது நல்ல வரிசை. தொப்புளிலோ பழைய ஆபரேஷன் துளையிலோ குடலிறக்கம் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஸ்கேன் பார்த்துவிட்டால் ஒரே மயக்கத்தில் அதையும் தைத்துவிடலாம்.

பணம். “இந்த வயசுல அழகு கேக்குதா?” என்று வீட்டில் கேட்பதைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி சட்ட மொழியில் கேட்கிறது. அழகு, பிளாஸ்டிக் சர்ஜரிக்கான விலக்கு பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 08 என்ற எண்ணில் வரும். அதே வாசகத்தில் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் விலக்கிலிருந்து விலக்கு உண்டு, சிகிச்சை தரும் டாக்டர் சான்று தந்தால். ஆகவே மடிப்புப் புண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள். தேதியோடு படம் எடுங்கள், எந்த மருந்து எத்தனை வாரம் போட்டும் திரும்பியது என்பது காகிதத்தில் இருக்கட்டும். மடி எதுவரை தொங்குகிறது, தொடை மடிப்பு வரையா நடுத்தொடை வரையா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அழகுச் சிகிச்சை என்று பில் போட்டால் ஜி.எஸ்.டி.யும் சேரும், எஸ்டிமேட்டில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே அழகு என்பது வேலூரில் எடுபடக்கூடாத பேச்சு. தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை டாக்டர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில் இந்த ஊரில்தானே நிமிர்த்த ஆரம்பித்தார்.

மாதம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் இறுக்க உடையைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். கத்திரி வெயிலில் அது தண்டனை, தையலோரத்தில் வேர்க்குரு வேறு. கார்த்திகைக் கடைசியில் செய்துகொண்டால் தை மாதத்துக்குள் உடையைக் கழற்றிவிடலாம். உடை இரண்டு செட் வாங்குங்கள், ஒன்று காயும்போது மற்றது.

முதல் ஒன்றிரண்டு வாரம் நிமிர்ந்து நடக்க வராது, நடக்கவும் வேண்டாம். இடுப்பைக் கொஞ்சம் மடித்தே நட, தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கு என்பார்கள், தையல் இழுபடாமலிருக்க. ஆனால் மறுநாளே நடந்தாக வேண்டும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதுதான் இதில் உயிர்போகும் ஆபத்து. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். வேலூரில் செய்துகொண்டு, காட்பாடியில் ரயிலேறி ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து ஊர் திரும்பும் வெளிமாநிலத்தவர் டாக்டர் தேதி சொல்லும் வரை லாட்ஜிலேயே இருப்பது நல்லது. சென்னையிலோ பெங்களூரிலோ செய்துகொண்டு காரில் திரும்பும் நம்மவர்களும் மணிக்கொரு முறை இறங்கி நடக்க வேண்டும்.

உள்ளே ஊறும் நீரை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் சேரும் நீரை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகும் உள்ளே நீர் சேர்வதுதான் இருப்பதிலேயே சாதாரணமான சிக்கல். தட்டினால் தண்ணீர்ப் பை மாதிரி அலையடிக்கும். வீட்டில் அமுக்கி வெளியேற்றப் பார்க்காதீர்கள், ஓ.பி.யில் ஊசியால் எடுப்பார்கள், சிலருக்கு இரண்டு மூன்று முறை. 5 கிலோவுக்கு மேல் ஆறு வாரம் தூக்கக்கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம் அதற்கு மேல், கேஸ் சிலிண்டர் பேச்சே வேண்டாம், இடுப்பில் ஏறத் துடிக்கும் பேரப்பிள்ளையும் பெரும்பாலும் அதற்கு மேல்.

அடிவயிற்றுத் தோல் மாதக்கணக்கில் மரத்துப்போயிருக்கும். உள்ளே வலிக்கிறதே என்று வீட்டில் யாராவது வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வந்தால் தடுத்துவிடுங்கள். சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

தழும்பு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை போகும், மறையாது, ஒன்றரை வருஷத்தில் மங்கும். அது எங்கே விழ வேண்டும் என்பதில் உங்களுக்கும் பேச்சு உண்டு. டாக்டர் பேனாவால் கோடு போடும் அன்று, தினமும் கட்டும் பாவாடையையோ பேன்ட்டையோ எடுத்துப் போய் உடுத்திக் காட்டுங்கள், கோடு அதற்குக் கீழே வரட்டும். தையல் முழுசாக மூடிய பிறகு சிலிகான், குறைந்தது மூன்று மாதம். நம் தோல் கறுத்தும் தடித்தும் ஆறுகிற வகை என்பதால் இதை விடாதீர்கள். ஒட்டும் பட்டைதான் பலரும் எழுதிக் கொடுப்பது. ஆனால் பங்குனி பிறந்ததும் அதற்கடியிலும் வேர்வை சேர்ந்து அரிக்கும், அப்போது ஜெல்லுக்கு மாறிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.